கன்னியப்பன் மாமா வெட்ட மாட்டார்

கன்னியப்பன் மாமாவின் குரலில் பேச ஒரே ஒரு சொல் தெரிந்தால் போதும். ‘சரி.’ அதைச் சில விதமாகச் சொல்லிப் பழகினால் ஆளே வந்து நின்ற மாதிரி இருக்கும். தலையை ஆட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னால், ‘நீ சொல்றது தப்பு, ஆனா எனக்கு எதுக்கு வம்பு’ என்று பொருள். மூக்கால் சொன்னால் பசி. ‘சரி சரி’ என்று இரண்டு தடவை வந்தால், எதிரில் இருப்பவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. ‘சர்ர்ரி’ என்று இழுத்தால் மனிதர் அழுகையை அடக்குகிறார். இந்த வகையை ஏர்போர்ட்டில் மட்டும் கேட்கலாம்.

இதையெல்லாம் நான் செய்து காட்டினால் என் அக்கா ரேகா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்து முடித்த பிறகு, “அக்கா ஊட்டுக்காரரை இப்டியாடா கிண்டல் பண்ணுவே?” என்று என் தலையில் ஒன்று வைப்பாள். முதலில் சிரிப்பு, அப்புறம்தான் குட்டு. அந்த வரிசை மாறியதே இல்லை.

மாமாவுக்குப் பூர்வீகமே சென்னையில் அம்பத்தூர் பக்கம் கள்ளிக்குப்பம். அவர்கள் குடும்பம் நெல் போட்ட இடத்தில் இப்போது ஐந்து மாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கிறார்கள். மாமா ஏசி மெக்கானிக். அந்தக் குடியிருப்பில் ஏசி ரிப்பேருக்குக் கூப்பிட்டால் போவார். லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று காவலாளி சொல்வார். சரி என்று மாமா படியேறுவார்.

துபாய்க்குப் போனதும் அப்படித்தான். அம்பத்தூர் ஓ.டி.யில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்ட் வீட்டு ஏசியைச் சரிசெய்யப் போனார். காற்று நன்றாக வந்ததும் ஏஜென்ட் குளிர்ந்துபோய், “துபாய்க்குப் போறியாப்பா? ரெண்டே வருஷம்” என்றார். மாமா ஸ்குரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டே சரி என்றார். வீட்டுக்கு வந்துதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்.

இரண்டு வருஷம் முடிந்தபோது அங்கே இருக்கும் மேனேஜர் சுபைர் கூப்பிட்டார். சுபைர் மலையாளி. தமிழ் பேசினால் ஒவ்வொரு வாக்கியமும் ஊஞ்சலில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் இறங்கும். “கன்னியப்பா... ரெண்டு கொல்லம் கூடி நிக்கலாமல்லோ?” இன்னும் இரண்டு வருஷம்தானே என்று மாமா சரி என்றார். அதற்கடுத்த தடவையும் சரி. இரண்டு வருஷம் இப்படி ஆறு வருஷம் ஆனது. மகள் ஸ்வாதிக்கு அவர் போகும்போது நான்கு வயது, பல் விழவில்லை. இப்போது ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள், எல்லாரையும் அதட்டுகிறாள்.

மாமா ஊரில் இல்லையே தவிர வீட்டில் இல்லாமல் இல்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் வீடியோ காலில் இருப்பார். போனை ஃபிரிட்ஜ் மேல், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து சமையல்கட்டு, ஹால், வாசல் கேட்டில் பாதி ஆகியவை அவருக்குத் தெரியும். பால்காரர் வந்தால் மாமாதான் முதலில் பார்த்துக் குரல் கொடுப்பார். “ரேகா, பாலு.” பால்காரரும் பழகிப்போய், உள்ளே எட்டிப் பார்த்து ஃபிரிட்ஜுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவார். சாம்பார் பொங்கும்போது அதே குரல் இன்னும் கொஞ்சம் அவசரமாக வரும். ஒருநாள் மின்சார ரீடிங் எடுக்க வந்தவர், ஃபிரிட்ஜ் மேலிருந்து “மீட்டரு அந்தாண்ட கீது சார்” என்று சத்தம் வந்ததும் ரீடிங் எடுக்காமலே திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனுக்கு வேறு இடம். அன்றைக்கு மாமாவுக்கு லீவு. அன்றைக்குத் தாயம்.

அக்கா தாயம் ஆடினால் எங்கள் தெருவில் எதிரே உட்கார ஆள் வராது. கல்யாணமான புதிதில் வந்தார்கள். அவள் உள்ளங்கையில் கட்டைகளை உருட்டும் சத்தம் கேட்டதும் இப்போது அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்த ஞாபகம் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. சாதாரண நாட்களில் மாமாவை ‘இன்னாங்க’ என்று கூப்பிடுகிற அக்கா, தாயக்கட்டத்தின் முன் உட்கார்ந்தால் ‘யோவ்’ என்பாள். ஆட்டம் முடிந்து எழுந்ததும் மறுபடி ‘இன்னாங்க’. நடுவில் நடந்தது இருவருக்குமே ஞாபகம் இருக்காது.

ஹால் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுவாள் ஸ்வாதி. அக்காவுக்குக் காய் புளியங்கொட்டை, மாமாவுக்குச் சட்டைப் பொத்தான். போனைக் கட்டத்துக்கு மேலே ஆடாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அது நான். இரண்டு தெரு தள்ளி இருப்பவனுக்கு ஞாயிறு சாப்பாடு சும்மா கிடைக்காது. மாமாவின் கட்டைகள் துபாயில் இருக்கின்றன. அவர் அங்கே உருட்டி, கேமராவைக் கட்டைமேல் காட்ட வேண்டும். காயை ஸ்வாதி நகர்த்துவாள். எந்தக் காய் என்று மாமா வாயால் சொன்னால்தான் நகர்த்துவாள். இது அக்கா போட்ட சட்டம். ஜாடை, முனகல், தலையாட்டல் எதுவும் செல்லாது.

அந்தக் கட்டைகளைச் செய்தது ஜஸ்டின். மாமாவின் அறைத்தோழன், மார்த்தாண்டம் பக்கத்துப் பையன், கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டுகிறான். மிஞ்சிய பித்தளைக் கம்பியை நாலு பட்டையாகச் சீவி, புள்ளிகளைத் துளைபோட்டுக் கொடுத்தான். பளபளவென்று நகைக்கடையில் வைக்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கட்டையில் மூன்று புள்ளியையும், இன்னொன்றில் இரண்டு புள்ளியையும் ஆர்வத்தில் ஆழமாகத் துளைத்துவிட்டான். அந்தப் பக்கம் எடை குறைந்து, எப்படி உருட்டினாலும் மேலே வந்து நின்றது. மாமாவுக்கு எப்போது பார்த்தாலும் அஞ்சுதான் விழும். அஞ்சு விழுந்தால் மறுபடி போடலாம்; போட்டால் மறுபடி அஞ்சு. காயைக் கட்டத்தில் இறக்கத் தாயம் வேண்டும், அதாவது ஒன்று விழ வேண்டும். அது விழாது. பாதி ஆட்டம் வரை மாமாவின் பொத்தான்கள் கட்டத்துக்கு வெளியே, ஸ்வாதியின் முழங்காலருகே படுத்துக் கிடக்கும்.

“புதுசா செஞ்சு தரச் சொல்லலாம்ல மாமா?” என்றேன் ஒருதரம்.

“அவன் ஆசையா செஞ்சுகுடுத்தான்டா தினேஷு. இன்னானு சொல்றது?”

சரி என்று விட்டேன்.

தாயத்தில் இன்னொரு சட்டம் உண்டு. சுற்றி வந்த காய் நடுவீட்டுக்குள் நுழைந்தால்தான் பழம். ஆனால் எதிராளியின் காயை ஒரு தடவையாவது வெட்டியிருந்தால்தான் உள்ளே விடுவார்கள். வெட்டாதவன் காய் வெளியிலேயே சுற்ற வேண்டும். மாமா வெட்ட மாட்டார். கல்யாணமான முதல் வருஷம் ஒருமுறை அக்காவின் காயை வெட்டினாராம். அக்கா அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பில்லை, மறுநாளும் இல்லை, உப்பு எங்கே என்று கேட்க மாமாவுக்குத் தைரியமும் இல்லை. அன்றிலிருந்து அவர் பொத்தான்கள் வெளிவட்டச் சாலையில் போகிற கன்டெய்னர் லாரி மாதிரி வெளியிலேயே ரவுண்டு அடிக்கும். அக்காவின் புளியங்கொட்டைகள் நாலும் பழமாகி, காய்ந்து, கிண்ணத்துக்குள் போன பிறகு மாமா “சரி, நல்ல ஆட்டம்” என்பார்.

துபாய் அறையில் இந்த ஆட்டத்துக்குப் பார்வையாளர்கள் உண்டு. ஜஸ்டினும், பெஷாவர்க்காரரான டிரைவர் கான் பாயும். கான் பாய்க்குத் தமிழில் இரண்டே சொல் தெரியும்: தாயம், வெட்டு. இரண்டையும் பேருந்து நிலையத்தில் ஊர்ப்பெயர் சொல்லி ஆள் ஏற்றுகிற குரலில் கத்துவார். மாமா வெட்டாமல் விடும்போதெல்லாம் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றுவிட்டு வருவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது போன பங்குனியில் சுபைர் மறுபடி ஊஞ்சலில் ஏறினார். “கன்னியப்பா... ரெண்டு கொல்லம் கூடி?”

மாமா சரி என்று சொல்லவில்லை. “ஊட்ல கேட்டு சொல்றேன் சேட்டா” என்றார். அதற்கே சுபைர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லச் சொன்னார். இல்லையென்றால் விசாவை வேறு ஆளுக்குப் போட வேண்டும்.

மாமாவுக்கு வர ஆசை. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தனியாக வாய்ஸ் மெசேஜ் போடுவார். “தினேஷு, நம்ம ரோட்ல பள்ளத்த மூடிட்டாங்களாடா?” “அம்பத்தூர் ஏரில தண்ணி எவ்ளோ கீது?” “வண்டிய வாரத்துக்கு ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணி வைடா, பேட்டரி பூடும்.” அங்கேயே இருக்கப் போகிறவருக்கு எங்கள் ரோட்டுப் பள்ளத்தோடு என்ன வேலை?

அக்காவுக்கும் அவர் வர வேண்டும். அம்பத்தூரை அடுத்த பாடியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஞானம்மாளிடம் அவளே போய்ப் பேசிவிட்டு வந்தாள். ஞானம்மாள் யாரிடமும் சத்தமாகத்தான் பேசுவார். கடையில் எப்போதும் கம்ப்ரஸர் ஓடும். “வெயில் ஆரம்பிச்சா எனக்கு ஆளு பத்தலம்மா! வந்தா மறுநாளே வேலை! ஏணில ஏறி வேலை செய்வாரில்ல?” அக்காவும் சத்தமாக, “செய்வாரு!” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

“அப்ப மாமாகிட்ட வந்துடுங்கன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

“நான் ஏன் சொல்லணும்? நான் இட்டாந்து, அப்பால வேலை சரியா அமையலன்னா, உன்னாலதான்னு ஒரு பேச்சு வரும். அவரா வரணும்.”

“அவர் வாயைத் தொறந்து எதையாச்சும் வேணும்னு சொல்லி நீ கேட்டுருக்கியா?”

“தொறக்கட்டும்.”

அந்த வாரம் முழுக்க ஃபிரிட்ஜ் மேல் நடந்த பேச்சு இவ்வளவுதான்.

“இன்னா பண்ணட்டும் ரேகா?”

“உங்க இஷ்டம்.”

“நீ சொல்லு.”

“நீங்கதானே போனீங்க, நீங்கதான் சொல்லணும்.”

“சரி.”

“இன்னா சரி?”

“இல்ல, நீ சொன்னதுக்கு சரி.”

“நான் இன்னா சொன்னேன்?”

இந்த இடத்தில் மாமா ‘சரி சரி’ என்பார். அக்கா போனைத் திருப்பிச் சர்க்கரை டப்பாவைப் பார்க்க வைத்துவிடுவாள். டப்பாவைப் பார்த்தபடி மாமா கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வைப்பார்.

சனிக்கிழமை ஸ்வாதிக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, எங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தில் டோக்கன் கூப்பிடுகிற பெண்ணின் குரலில் அறிவித்தாள்.

“ரெண்டு பேரும் தாயம் போடுங்க. அப்பா ஜெயிச்சா அப்பா வந்துடணும். அம்மா ஜெயிச்சா அப்பா அங்கேயே ரெண்டு வருஷம். அவ்ளோதான். இனிமே இதப் பத்தி பேசக்கூடாது, என்னால படிக்க முடியல.”

ஃபிரிட்ஜ் சரி என்றது. அக்காவும் ஏதோ விளையாட்டு என்பதுபோல் சரி என்றாள். ஆனால் அவள் கை, காய்ந்த பாத்திரத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது. சட்டத்தை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஸ்வாதி யோசித்துத்தான் வைத்தாள் என்பது பிறகு தெரிந்தது. அம்மா விட்டுக்கொடுப்பாள் என்பது அவள் கணக்கு. போன் வைத்ததும் சமையல்கட்டுக்குப் போய், “நாளைக்கு உட்டுக் குடுமா” என்றாள்.

“ஆட்டத்துல இன்னாடி உட்டுக் குடுக்கறது?” என்றாள் அக்கா. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

ஞாயிறு மதியம் கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்ததும் கட்டம் போட்டாயிற்று. சாயங்காலத்துக்குள் சுபைருக்குப் பதில் போக வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டே காய். துபாய்ப் பக்கம் கட்டில்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் மாமா கட்டைகளை வைத்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். பின்னால் ஜஸ்டினும் கான் பாயும் பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா முதல் உருட்டிலேயே தாயம் போட்டு இறங்கினாள். மாமாவுக்கு அஞ்சு. அஞ்சு. மூன்று. அக்கா இரண்டாவது காயையும் இறக்கினாள். மாமாவுக்கு அஞ்சு, இரண்டு. ஒருவழியாக ஒரு பொத்தான் இறங்கியதும் கான் பாய் தட்டு அதிர “தாயம்!” என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அடுத்த பொத்தானும் இறங்கியது. அது நாலு கட்டம் போவதற்குள் அக்கா பின்னாலேயே வந்து வெட்டினாள். பொத்தானை எடுத்து, சோபாவுக்கு அடியில் உருண்டு போகிற மாதிரி எறிந்தாள். அதைத் தேடி எடுத்து, இன்னொரு தாயம் விழக் காத்திருந்து, மறுபடி இறக்கினோம்.

“அம்மா” என்றாள் ஸ்வாதி பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆட்டத்த பாருடி.”

மாமாவின் முதல் பொத்தான் சுற்று முடிக்கிற இடத்துக்கு வந்துவிட்டது. வெட்டு இல்லாததால் உள்ளே போக முடியாது. அந்த நேரத்தில் அக்கா ஒரு புளியங்கொட்டையை நகர்த்தி, அதற்குச் சரியாக அஞ்சு கட்டம் முன்னால், வெறும் கட்டத்தில் வைத்தாள். பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர். அங்கே நின்றால் யாரும் வெட்ட முடியாது. இது மலை இல்லை. பட்டப்பகலில் நடுரோட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது புளியங்கொட்டை.

மாமாவின் கட்டையில் எது விழும் என்று அக்காவுக்குத் தெரியாதா? நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் கட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா உருட்டினார். கட்டை இரண்டும் காற்றில் இருக்கும்போது படம் நின்றது. மாமா வாயைத் திறந்தபடி, கான் பாய் பாதி எழுந்தபடி, இரண்டு பித்தளைக் கட்டைகள் தட்டுக்கு மேலே தொங்கியபடி. சத்தம் மட்டும் வந்தது.

“அஞ்சு! அண்ணே, அஞ்சு விழுந்தாச்சு!” இது ஜஸ்டின்.

“வெட்டு!” இது கான் பாய்.

ஸ்வாதி பொத்தான்மேல் கையை வைத்துவிட்டாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“கண்ணால பாக்கல. செல்லாது.”

“அம்மா, அஞ்சுன்னு சொல்றாங்கல்ல!”

“நானும்தான் சொல்வேன் பன்னெண்டுன்னு.”

“அப்ப அப்பா வர வேணாமா உனக்கு?” ஸ்வாதியின் கண் கலங்கியது.

“வரட்டும். கண்ணுக்குத் தெரியப் போட்டு வரட்டும்.”

படம் அசைந்தது. அதற்குள் யாரோ சந்தோஷத்தில் கட்டையை எடுத்துவிட்டிருந்தார்கள். மாமா எல்லாவற்றையும் கேட்டார், சரி என்றார், மறுபடி உருட்டினார். மூன்று. பின்னால் இருந்த பொத்தானை நகர்த்தச் சொன்னார். ஜஸ்டின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அக்காவின் முறை. இரண்டு விழுந்தது. நடுரோட்டுப் புளியங்கொட்டைக்கு இரண்டு கட்டம் முன்னால் மலை. குழந்தைகூட ஏற்றி உட்கார வைக்கும். அக்கா அதைத் தொடவில்லை. வேறெங்கோ இருந்த இன்னொரு கொட்டையை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தாள்.

“அக்கா, மலை” என்றேன்.

“போனை ஆட்டாம புடி.”

மாமா உருட்டினார். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு கட்டையில் மூன்று, இன்னொன்றில் இரண்டு. கேமராவைக் கட்டைமேல் காட்டி, அப்படியே பிடித்துக்கொண்டார்.

ஸ்வாதியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது. அவர் வாயால் சொல்ல வேண்டும்.

“அது...” என்றார் மாமா. “பின்னால கீறத...”

“யோவ்” என்றாள் அக்கா.

“இல்ல, பின்னால கீறத அஞ்சு தள்ளுனா...”

“யோவ், ஆறு வருஷமா சுத்திகினே கீறியே, கால் வலிக்கல? வெட்டத் தெரியலன்னா எதுக்குய்யா கட்டைய தொடற?”

“சவத்த வெட்டித் தள்ளுங்கண்ணே!” என்றான் ஜஸ்டின். கான் பாய் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

“வெட்டு” என்றார் மாமா.

“கேக்கல.”

“வெட்டு.”

“இன்னா?”

“வெட்டுன்றேன்ல!”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இன்றுவரை எனக்கு அது சரியாக வரவில்லை. வாசலில் கோலப்பொடி விற்றுக்கொண்டு போனவர் நின்று உள்ளே பார்த்துவிட்டுப் போனார். ஸ்வாதி பொத்தானால் புளியங்கொட்டையை அடித்த அடியில் அது சமையல்கட்டு வரை பறந்தது. கான் பாய் ஓடிவந்து மாமாவைத் தூக்கிவிட்டார். படத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் தெரிந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். மாமாவின் அந்தப் பொத்தான் உள்ளே போய்ப் பழமும் ஆகிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஆனால் வெட்டுப்பட்டதும் அக்காவுக்கு என்னவோ ஆகிவிட்டது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். கட்டையை உள்ளங்கையில் வைத்து ஊதினாள். முதல் உருட்டில் தாயம் போட்டு இறங்கினாள். அடுத்தது பன்னிரண்டு, அதன்மேல் ஆறு. எதற்காக ஆடுகிறோம் என்பதை மறந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்வாதி அவள் முழங்காலைக் கிள்ளியதும் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கொட்டையைப் பழமாக்கினாள். மாமாவின் மிச்சப் பொத்தான் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. அதைத் துரத்திப் பிடித்து வெட்டினாள். மாமாவுக்கு அஞ்சு, அஞ்சு, மூன்று. தாயம் இல்லை. அக்கா கடைசிக் கொட்டையை நடுவீட்டில் ஓங்கி அடித்தாள்.

“பழம்!”

தொடையைத் தட்டிக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

“நீ ஜெயிச்சுட்டேம்மா” என்றாள் ஸ்வாதி. டோக்கன் கூப்பிடுகிற குரல் இல்லை. வெறும் குழந்தைக் குரல்.

அக்கா கட்டத்தைப் பார்த்தாள். நடுவீட்டில் இருக்கும் புளியங்கொட்டையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பார்ப்பதுபோல் இருந்தது. சேலைத் தலைப்பை இடுப்பிலிருந்து மெதுவாக இறக்கிவிட்டாள். அந்தப் பக்கம் கான் பாய், என்ன ஆச்சு என்று புரியாமல், “க்யா ஹுவா?” என்று கேட்க, ஜஸ்டின் அவர் காதில் ஏதோ சொன்னான். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

“சரி, நல்ல ஆட்டம்” என்றார் மாமா.

“ம்” என்றாள் அக்கா.

“ரேகா.”

“ம்.”

“நான் வரேன்.”

அக்கா தலையைத் தூக்கினாள். “நான்தானே ஜெயிச்சேன்?”

“ஆமா. நீ ஜெயிச்சே. நான் வரேன்.”

“தோத்துட்டு எப்டி வருவீங்க? பேசுன பேச்சுன்னு ஒண்ணு கீதுல்ல?”

“தோத்துட்டுதான் வரேன். எனக்கு இங்க வேணாம். ஊட்டுக்கு வரணும்.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி எனக்கு ஞாபகமில்லை. போனைப் பிடித்திருந்த என் கை வலித்தது. மாற்றினால் படம் ஆடும் என்று அப்படியே வைத்திருந்தேன். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டத்தில் இருந்த சாக்பீஸ் கோட்டை விரலால் அழித்துக்கொண்டிருந்தாள்.

“பாடில ஞானம்மாள் கடைல ஆள் கேட்டாங்க” என்றாள், தரையிடம். “சொம்மா சொல்றேன்.”

“எப்ப கேட்டாங்க?”

“எப்பவோ.”

அங்கேயிருந்தே, எங்கள் எல்லார் எதிரிலும், ஜஸ்டினின் போனில் மாமா சுபைரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். கன்னியப்பா என்று சுபைர் ஊஞ்சலில் ஏறுவதற்குள், “நான் ஊருக்குப் போறேன் சேட்டா, எனக்கு வேணாம்” என்றார். ஊஞ்சல் நின்றுவிட்டது. ஆலோசிச்சு சொன்னா மதி, நாளைக்குக் காலைல சொன்னாலும் போதும் என்றார் சுபைர். மாமா வாயைத் திறந்தார். பழக்கம் போகவில்லை, ‘ச’ வரை வந்துவிட்டது. ஜஸ்டின் அவர் வாயைப் பொத்துவதுபோல் கையைக் கொண்டுபோனான்.

“சம்பளக் கணக்கப் பாத்து வைங்க சேட்டா” என்று முடித்தார் மாமா.

“எந்தத் தேதி?” என்றாள் அக்கா உடனே.

“டிக்கெட் பாத்துட்டு சொல்றேன்.”

“பாத்துட்டு எல்லாம் இல்ல. இப்பவே பாருங்க. நான் இங்கேயே உக்காந்துனு கீறேன்.”

ஜஸ்டின் பார்த்தான். அடுத்த மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, காலையில் சென்னைக்கு இறங்கும்.

அக்கா நாட்காட்டியைப் பார்த்தாள். முகம் மாறியது.

“வியாழக்கெழம தண்ணி லாரி வர நாள். நான் இல்லன்னா அவன் பக்கத்து ஊட்டு சம்ப் தொட்டில உட்டுட்டு பூடுவான். வெள்ளிக்கெழம போடுங்க.”

“முடியாது” என்றார் மாமா. “வியாழக்கெழமதான் வருவேன்.”

ஸ்வாதி என்னைப் பார்த்தாள். நான் ஸ்வாதியைப் பார்த்தேன்.

“ரொம்பத்தான்” என்றாள் அக்கா. “வைங்க போனை.”

என் கையிலிருந்து போனை வாங்கி அவளே வைத்தாள். எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். பிறகு தண்ணி லாரிக்காரருக்குப் போன் போட்டாள்.

“அண்ணாத்தே, நான் கள்ளிக்குப்பத்துல இருந்து ரேகா பேசறேன். அடுத்த மாசம் பதினாலாந்தேதி மட்டும் எங்க ஊட்டுக்கு வராத. புதங்கெழம வா. இன்னாவா? ஒண்ணும் விசேஷம் இல்ல. ஊட்டுக்காரரு வராரு.”